வெளித்தாழ்ப்பாள்

"கழட்டிட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"எதை?"

"பக்கக் கதவுல வெளியில ஒரு தாழ்ப்பாள் இருக்குமே. நீளமா, இரும்புல. அதத்தான் கேக்கறேன்."

கெல்டன் சிரித்தான். சாயங்காலம் முழுக்க அவன் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் டிரெய்லரைக் காட்டிக்கொண்டிருந்தான். சரக்கு ஏற்றுகிற வெறும் தகரப் பெட்டியாக வாங்கியது. ஏழு மாதம் உழைத்து அவனும் அவன் மனைவி ஜோலீனும் அதைப் படுத்துத் தூங்குகிற இடமாக ஆக்கியிருந்தார்கள். குளிர் தாங்கச் சுவருக்குள் நுரைப்பலகை, அதன் மேல் பிளைவுட், பகலில் சுவரோடு மடித்துவிடுகிற கட்டில், கட்டிலை மடித்தால் மணலில் ஓட்டுகிற இரண்டு பைக் நிற்க இடம், அவற்றைக் கட்டத் தரையில் இரும்பு வளையங்கள். வருஷா வருஷம் இங்கே வருகிற வெர்டா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பைக்குக்கு நல்ல இடம் குடுத்திருக்க. பொண்டாட்டிக்குத்தான் மூலை" என்று சொல்லியிருந்தாள்.

"தாழ்ப்பாள் அப்படியேதான் இருக்கு, ஓரின். அதுலதான பூட்டு மாட்டறோம்."

"உள்ள இருந்து திறக்க முடியுமா?"

"உள்ள இருக்கறப்ப யாரு வந்து வெளிய தாழ் போடப்போறாங்க? கரடியா?"

ஓரின் கோப்பையில் ஆறிப்போயிருந்த சாக்லேட் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். ஜோலீன் அவரை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறாள். நான்கு பேர், ஒரு நெருப்பு, சுற்றிலும் இருட்டில் மணல்மேடுகள். வெர்டா கனலைக் கிளறி, வெள்ளித்தாளில் சுற்றிய கறியும் உருளைக்கிழங்குமான பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.

"எனக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தான். டெல்மார்னு பேரு" என்றார் ஓரின்.

வெர்டாவின் கை நின்றது. "இன்னிக்கி வேணாமே, ஓரின்."

"சொன்னாத்தான் இவன் கழட்டுவான்."

பல வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசி. சாயங்காலம் ஏழு மணி. தார்ச்சாலை முடிந்து மண்சாலை தொடங்குகிற இடம்... அங்கிருந்து மணல்மேட்டுக்குப் பதினெட்டு மைல். வழியில் ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு கிடையாது. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட வராது.

டெல்மாரும் அவன் மனைவி மார்வாவும் தாங்கள் செய்த டிரெய்லரில் முதல்முறையாகப் போகிறார்கள். கட்டிலை அளந்தது மார்வா. காற்றாடிக்காகக் கூரையில் ஓட்டை அறுத்தது மார்வா. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியை மட்டும் அவன் செய்தான். அது ஒரு பக்கம் கோணல். "கண்ண மூடிக்கிட்டா செஞ்ச?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வெளித்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உள்ளே ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னாள். அடுத்த வாரம் என்றான். மூன்று வாரமாக அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மார்வா பிக்கப் வண்டியின் பின் இருக்கையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். மண்சாலை தொடங்கும் இடத்தில் அவன் நிறுத்தினான். மணலுக்குப் போகிற எல்லோரும் அங்கேதான் டயரில் காற்றைக் குறைப்பார்கள். ஒவ்வொரு டயராகப் போய்க் குந்தினான். ஸ்ஸ்ஸ்... வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. எழுந்து டிரெய்லரைச் சுற்றி வந்தான். பக்கக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் மட்டும் போடாமல் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் லாரியில் மேசை நாற்காலி ஏற்றி இறக்கியவன். தாழ் போடாத கதவைத் தாண்டிப் போக அவன் கைக்குத் தெரியாது. அவனைக் கேட்காமலே கை எழுந்து போய்... டடக்.

ஓரின் அதைக் காற்றில் செய்து காட்டினார். வலது கை உயர்ந்து, அரை வட்டம் போட்டு, இறங்கியது. பார்க்கவே அழகாக இருந்தது, அவ்வளவு பழகிய கை. 

கிளம்பினான். கால் மைல்கூடப் போகவில்லை... டொக். டொக் டொக். அலை அலையாக வரி விழுந்த சாலை, எல்லாமே ஆடும். அவன் அலமாரிதான் என்று நினைத்தான். திருகு கழன்றிருக்கும். இவள் எழுந்து பார்த்தால் கேலி செய்தே கொன்றுவிடுவாள். அவள் முழிப்பதற்குள் போய்ச் சேர்ந்து, சத்தம் போடாமல் முடுக்கிவிட வேண்டும். சிரித்துக்கொண்டேதான் ஓட்டினான். கொஞ்சம் வேகமாகவே ஓட்டினான். பத்தாவது மைல்வரை சத்தம் இருந்தது... அப்புறம் நின்றுவிட்டது.

நல்லவேளை, என்று நினைத்தான்.

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. கெல்டன் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தான்.

மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்ததும் பின் இருக்கைக் கதவைத் திறந்தான். "மார்வா, வந்தாச்சு" என்று கம்பளியைத் தொட்டான். கம்பளி அமுங்கியது. கீழே வெறும் இருக்கை.

"அவங்க எதுக்கு டிரெய்லருக்குள்ள போனாங்க?" என்று ஜோலீன் கேட்டாள்.

"உள்ள கட்டியிருந்த பைக் ஆடுதுன்னு தோணியிருக்கும். தூக்கத்துலகூட அவளுக்குக் கேக்கும் அது. அவன் டயர் பக்கத்துல குந்தியிருந்தப்ப எறங்கி, பைக்கக் கட்டின பெல்ட்ட இறுக்கப் போயிருக்கா. காத்துல மணல் அடிச்சது, கதவ இழுத்துச் சாத்திக்கிட்டா. பெல்ட்ட அவுத்துட்டுத் திரும்ப மாட்டறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. குதிச்சு வெளிய வரக் கதவு திறக்கல. பைக் அவ மேல சாஞ்சிடுச்சு." ஓரின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒரு கை மட்டும் பைக்குக்கு அடியில சிக்காம இருந்துச்சு. கையில ஸ்பேனர்."

முன்பக்கச் சுவர் பிளைவுட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஸ்பேனர் பட்ட பள்ளங்கள். பிறை பிறையாக. முதலில் ஆழமாக... போகப் போக மேலோட்டமாக.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் தாழ்ப்பாளைக் கழற்றினான். உள்ளே கைப்பிடி வைத்தான். பத்து நிமிஷ வேலை.

சுவர்ப் பலகையையும் மாற்றினான். பனிக்காலம் முடிந்து திறந்து பார்த்தபோது புதுப் பலகையில் பிறைகள். மறுபடி மாற்றினான். மறுபடி வந்தன. மூன்றாவது தடவை, அவள் போட்டதை நான் ஏன் எடுக்கிறேன் என்று விட்டுவிட்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் அதே சாலை. காற்றைக் குறைத்து, கிளம்பி, கால் மைல் போனதும்... டொக். பிரேக் போட்டு ஓடுவான். கதவைத் திறப்பான். பெட்ரோல் வாசனை. அதோடு, அவள் கைக்குப் பூசிக்கொள்கிற பாதாம் களிம்பின் வாசனை. அவளுடைய பைக்கின் பெல்ட் அவிழ்ந்து தரையில் கிடக்கும். ஆள் இல்லை. "முன்னாடி வந்து உக்காரு, மார்வா" என்பான். கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு குளிரில் நிற்பான். பெல்ட்டைக் கட்டிவிட்டுக் கிளம்பினால்... மறுபடி டொக். மறுபடி ஓடுவான். அந்தப் பதினெட்டு மைலைக் கடக்க அவனுக்கு விடிந்துவிடும்.

"மன்னிப்புக் கேட்டாரா?" என்றான் கெல்டன்.

"முட்டி போட்டுக் கேட்டான். அவளுக்கு அதெல்லாம் வேணாம் போல. வெளிய வரணும், அவ்வளவுதான் வேணும் அவளுக்கு. ஆனா இவன் திறந்தா வர மாட்டேங்கறா."

"அந்த டிரெய்லர வித்துத் தொலைச்சிருக்கலாமே."

"வித்துட்டு? வேற எவனோ அவள இழுத்துக்கிட்டுத் திரியணுமா?"

கெல்டன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "உங்க சித்தப்பா மகன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான்.

ஓரின் நெருப்பையே பார்த்தார். கோப்பை சரிந்து, பால் முழங்காலில் சிந்தியது. வெர்டா அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஓரினுக்குச் சித்தப்பாவே கிடையாது, தம்பி" என்றாள்.

ஜோலீன் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவருடைய வெள்ளை டிரெய்லர் வெளிச்சம் தொட்டும் தொடாத தூரத்தில் நின்றது. பக்கக் கதவு இந்தப் பக்கம்தான் இருந்தது. கைப்பிடிக்கு மேலே, பசை வைத்து அடைத்த நான்கு திருகு ஓட்டைகள்.

கெல்டன் எழுந்தான். "நான் இப்பவே போய் அதக் கழட்டிடறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நான்கு எட்டு வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

டொக்.

காற்று இல்லை. ஜெனரேட்டர் அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது.

டொக் டொக்... வெள்ளை டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து, தரையை ஒட்டி. அவசரமில்லாத சத்தம். களைத்துப்போன கை. அதற்குப் பின்னால் லேசாக, நெருப்புப் புகையை விலக்கிக்கொண்டு, பாதாம் வாசனை.

வெர்டா உதட்டை அசைத்து ஜெபம் சொல்லத் தொடங்கினாள். கெல்டன் திரும்பவில்லை, உட்காரவும் இல்லை.

"வண்டி ஓடறப்பதான் தட்டுவா" என்றார் ஓரின். குரலில் பயம் இல்லை. ஏதோ கெஞ்சல் மாதிரி இருந்தது. "நிக்கறப்ப இதுவரைக்கும் தட்டினதே இல்ல. பதினோரு வருஷத்துல இதான் முதல் தடவை."

டொக்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது கை மடியில் கிடந்து தானாக அசைந்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு நெருப்பைத் தாண்டி ஜோலீனைப் பார்த்தார்.

"நான் போனா உள்ள யாரும் இருக்க மாட்டாங்க, கண்ணு. அது எனக்குத் தெரியும். வேற ஒரு பொம்பளக் குரல் கேட்டா ஒருவேளை வருவாளோ என்னமோ... நீ கொஞ்சம் போய்த் திறந்து, வெளிய வாங்கன்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கறியா?"