ஓடத் தெரிந்த கால்கள்

பட். படபட. பட்.

மேசைக்கடியில் கிடக்கிறேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. கையில் பாதி உரித்த வெங்காயம். பக்கத்தில் லீ கிழவர், நெஞ்சு தரையோடு ஒட்டியபடி. எண்பதைத் தாண்டியவருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ.

"பிள்ளை, சீனவெடிதான்! எழும்பு!" வாசலில் நின்று சிவம் அண்ணை கத்துகிறார்.

1986 அக்டோபர் 10. வெள்ளைக்காரர் நாட்டில், நோர்பரி என்ற ஊரில், ஒரு சீன உணவகத்தின் சமையலறை. சிவம் அண்ணையும் நானும் அங்கே வேலை. சீனாவில் மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சிக்கு அன்று எழுபத்தைந்து வயது. முதலாளி, லீயின் மகன், பின்முற்றத்தில் வெடி கொளுத்துகிறார். மன்னர்கள் தொலைந்தது நல்லதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அடுத்த வெடிக்கு எழுந்து ஓடப் பார்க்கிறேன். லீ என் மணிக்கட்டைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஓடாதே என்றார்.

1983 ஜூலை. வெள்ளவத்தை. தமிழரைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள். பொட்டை அழித்து, கவுன் போட்டுக்கொண்டு, தமிழச்சி இல்லை என்பதுபோல் தெருவில் நடந்தேன். "ஓடாதை. நட," என்று பின்னால் அண்ணா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். நான் தப்பினேன். அவன் தப்பவில்லை. இதை லீயிடம் சொன்னேன்.

"என் அம்மா ஓடினாள்," என்றார்.

1911 அக்டோபர். சியான் நகரம். லீக்கு ஆறு வயது. மன்னர் மஞ்சு இனம். லீயின் வீட்டாரும் மஞ்சு. மன்னருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான், ஆனால் அவர் அரண்மனையில் பத்திரம். புரட்சிப் படை மஞ்சுக் குடியிருப்புக்குள் நுழைகிறது. முதலில் பீரங்கி. பிறகு துவக்கு. பிறகு கத்தி. கத்திக்குச் சத்தமில்லை.

பெண்களைக் காலை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். சீனப் பெண்களுக்குச் சிறுவயதிலேயே பாதத்தை இறுக்கிக் கட்டிச் சின்னதாக்கிவிடுவார்கள். மஞ்சுப் பெண்கள் கட்டுவதில்லை. லீயின் அம்மா தன் கால்விரல்களை மடக்கித் துணியால் சுற்றுகிறாள். சின்னச் சப்பாத்துக்குள் திணிக்கிறாள். கைக்குழந்தையை முதுகில் கட்டுகிறாள். தடி ஊன்றித் தத்தித் தத்தி நடக்கிறாள். குடியிருப்பு வாசலில் நின்ற சிப்பாய் பார்த்தான். விட்டுவிட்டான்.

தெருமுனை. துவக்குச் சத்தம். பயந்துபோன லீ கையை உதறிவிட்டு வந்த வழியே ஓடுகிறான். அம்மா தடியை எறிந்தாள். ஓடினாள். நன்றாக ஓடினாள். பிள்ளையை எட்டிப் பிடித்தாள். கட்டிய கால் அப்படி ஓடாது. சிப்பாய்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

சோயாக்கட்டி விற்கும் சீனப் பெண் ஒருத்தி லீயை மட்டும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தன் மகன் என்றாள். லீ என்பது அவள் குடும்பப் பெயர்.

முற்றத்திலிருந்து மகன் கூப்பிடுகிறார், படம் எடுக்க. அவருக்கு இது எதுவும் தெரியாது. சொல்லிவிடுங்கள் என்றேன். கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். எழுந்து போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மீதா, வெடி மீதா, தெரியவில்லை.

1993இல் அவர் இறந்தார். இப்போது நான் இருக்கும் தோர்ண்டன் ஹீத் வீட்டில் இதை எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். இருக்க ஏலவில்லை.

இழந்தவை. எனக்கு: அண்ணா. வெள்ளவத்தை வீடு.

லீக்கு: மதிலில் காவல் நின்ற அப்பா. அம்மா. அவள் முதுகில் இருந்த தங்கை. வீடு. சொந்தக் குடும்பப் பெயர். அதை வாய் திறந்து சொல்லக்கூடாது என்று அந்த ஆறு வயதில் வளர்த்தவர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லவில்லை. பிறகு அவருக்கே மறந்துபோயிற்று.