ஒன்பதாம் எண் பிளக்

குளிர்காலக் காலையில் டர்போ வண்டியைக் கிளப்புவது சள்ளை பிடித்த வேலை, ஐயா. கோரியமா ஊரில் கார் பட்டறை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். என்ஜினில் பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைப் பற்றித் தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பிளக்கின் நுனி ஓரளவு சூடாக இருக்க வேண்டும். சூடு குறைந்தால் கரி படியும், பொறி வராது. மிஞ்சினால் நுனி கங்குபோலக் கனன்று, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் உருகும். டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது, திணிக்கத் திணிக்கச் சூடு ஏறுகிறது. அதனால் அதற்குச் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் பிளக் வேண்டும். எங்கள் பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி கூடுகிறது என்று பொருள். ஆறு சூடானது. ஒன்பது குளிர்ந்தது.

ஒரிகாசா ஐயாவின் வண்டிக்கு ஒன்பது என்று தேர்ந்தெடுத்தவள் நான். சலவைக்கடைக்காரர், அறுபத்தொரு வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஓட்டுவார். அவருடைய என்ஜினில் காற்றழுத்தத்தை ஏற்றியிருந்தோம். பதினோரு நாள் ஓட்டி, ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறம் பார்த்து எழுதினேன். பொறி பாயும் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். அதற்கு மேல் வைத்தால் திணிக்கிற காற்றே பொறியை ஊதி அணைத்துவிடும். எந்த பிளக் என்று பதியும் தேர்வுத் தாளில், கையெழுத்தாக என் பெயர் முத்திரையை வைத்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவர். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு முனகத்தா பட்டறையில் மூன்று ஆண்டுகள் எண்ணெய்த் தட்டு கழுவினேன். அந்தத் தாள்தான் நான் முத்திரை வைத்த முதல் தாள்.

முதலாளியின் மகன் யூஸ்கே அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"பேராசிரியரே, இது பரீட்சை இல்ல. எட்டு போதும். ஒன்பது போட்டா காலைல வண்டி இருமிக்கிட்டே நிக்கும், கஸ்டமர் என் கழுத்தப் புடிப்பான்."

"எட்டு போட்டா பத்து சுத்துல பிஸ்டன் போயிடும், சின்ன முதலாளி."

"எனக்குப் பாடம் எடுக்காத. போய் டீ போடு."

போட்டேன்.

வியாழக்கிழமை ஒரிகாசா ஐயா பட்டறைக்கு வந்தார். யூஸ்கே என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "ஒன்பதுதான்னு நான் முடிவு பண்ணிட்டேன். இதெல்லாம் அனுபவத்துல வர்றது."

"அப்பனையே தூக்கிச் சாப்ட்டுட்டடா நீ," என்றார் அவர். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். யூஸ்கே என் பக்கம் திரும்பினான். "குறிச்சுக்கோ. ஒன்பது."

குறித்துக்கொண்டேன். நன்றாக ஓடுகிற என்ஜினைப் பார்த்து, யார் சொன்னது சரி என்று ஒருவரும் கேட்பதில்லை. உடைந்தால்தான் கேட்பார்கள். நாலு பேர் முன்னால் "நான் முடிவு பண்ணிட்டேன்" என்று சொன்னவன், உடைந்த பிறகும் அதையே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

பந்தயத் தடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிர்ந்த பிளக்கோடு வண்டியை நிற்கவைத்துச் சூடாக்கினால் கரி பிடித்துவிடும். அதனால் முதலில் ஆறாம் எண் பிளக்குகளைப் போட்டு என்ஜினைச் சூடாக்குவோம். சூடேறியதும் அணைத்து, ஆறைக் கழற்றி, ஒன்பதைப் போடுவோம். கழற்றிய நான்கையும் நாலு துளையுள்ள மரக்கட்டையில் நிற்கவைப்போம், மாற்றியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிய. பிறகு ஒருவர் பட்டியலை வாசிப்பார். மற்றவர் விரலால் சுட்டிக்காட்டிச் சத்தமாகப் பதில் சொல்வார். ரயில் ஓட்டுநர்கள் செய்வதுபோலத்தான்.

ஞாயிறு காலை என்ஜின் சூடேறியதும், ஓட்டுநர்கள் கூட்டத்துக்கு யூஸ்கேயும் ஒரிகாசா ஐயாவும் போனார்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. என்ஜினில் இருந்த ஆறாம் எண் பிளக் ஒன்றையும் நான் கழற்றவில்லை. என்ஜின்மேல் கைகளைக் காட்டிக் குளிர்காய்ந்தேன்.

ஒரிகாசா ஐயாவின் மனைவி மசாயே அம்மாள் பிளாஸ்க்கோடு வந்தார். "விரல் வெறைச்சுப் போச்சு பாரு. மொதல்ல இதக் குடி. வேலை எங்கயும் ஓடிப் போயிடாது." பன்றிக்கறியும் முள்ளங்கியும் போட்ட மிசோ சூப். இரண்டு கிண்ணம் குடித்தேன். நன்றாக இருந்தது.

மரக்கட்டையில் அப்போது நான்கு பிளக்குகள் நின்றன. பழைய ஆறுகள். வெள்ளிக்கிழமையே கழிவு டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆத்திரத்தில் செய்தாயா என்று முதலில் கேட்டீர்கள். இல்லை.

யூஸ்கே திரும்பி வந்து பட்டியலை வாசித்தான்.

"எண்ணெய்?"

"சரி."

"தண்ணி?"

"சரி."

"பிளக்?"

ஆள்காட்டி விரலை நீட்டினேன். "ஒன்பது. நாலும். சரி."

அவன் தாளில்தான் கண் வைத்திருந்தான். எங்கள் பட்டறையில் பட்டியலுக்குப் பதில் சொல்லும் அந்தக் குரலில் அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. அதனால் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை.

ஒரிகாசா ஐயா ஹெல்மெட்டை மாட்டினார். "கனாயே, இன்னிக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு சுத்து வந்துட்டேன்னா, ஒரு வருஷத்துக்கு ஒன் சட்டையெல்லாம் சும்மா வெளுத்துத் தர்றேன்."

"என்கிட்ட இருக்கறதே ரெண்டு சட்டைதான், ஐயா."

"கஞ்சப் பொண்ணு, அப்ப எனக்கு லாபந்தான்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாவது சுற்றில், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிஸ்டன் உருகி, அதைத் தாங்கும் தண்டு என்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டியது, கொதிக்கும் புகைக்குழாயிலும் கொட்டித் தீப்பிடித்தது. நேர்சாலையின் முடிவில் இருந்த மதிலில் வண்டி மோதியது. தீயணைப்பாளர்கள் வந்து சேர நாற்பது விநாடி ஆனது.

"அது நம்ம வண்டி இல்லல்ல?" என்று மசாயே அம்மாள் என்னைக் கேட்டார்.

"நம்ம வண்டிதான்," என்றேன்.

என்ஜின் மட்டும்தான் போகும் என்று நம்பினேன் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். மதில் இருப்பது எனக்குத் தெரியும். ஆள் சாகப் பத்தில் மூன்று வாய்ப்பு என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று சின்ன எண் என்று தோன்றியது.

ஆனால் யூஸ்கே "நான் முடிவு பண்ணினேன்" என்று சொல்லவில்லை. தேர்வுத் தாளை எடுத்து என் முத்திரையைக் காட்டினான். நாலு பேரும் அதற்கும் தலையாட்டினார்கள். பிளக்கின் பீங்கானில் அச்சிட்டிருந்த எண்கள் தீயில் போய்விட்டன. விபத்தை ஆராய்ந்த நிபுணர் தாளை நம்பினார், குளிர்ந்த பிளக் பிஸ்டனை உருக்காது என்பதைக்கூட யோசிக்கவில்லை. போன வாரம் அறிக்கை வந்தது: "ஒன்பதாம் எண் பிளக் இந்த என்ஜினுக்குப் பொருந்தாது. தேர்ந்தெடுத்தவர் ஹங்காய் கனாயே. அனுபவக் குறைவு. குற்ற நோக்கம் இல்லை."

அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மசாயே அம்மாள் எங்கள் வீடு தேடி வந்து, அப்பா முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு நீ, தெரியாம பண்ணிட்ட. போனவரு ஒன்மேல கோவப்பட மாட்டாரு." அப்பா தரையில் நெற்றி பட வணங்கினார். "எம் பொண்ணுக்குத் தெரியல, மன்னிச்சுடுங்க," என்றார். தெரியவில்லையாம். அப்பாவே சொல்கிறார்.

உங்கள் மேசையில் நான் வைத்த இந்தப் பெட்டியில் இருப்பவை அன்று நான் போடாத ஒன்பதுகள். நான்கும் புதியவை. இடைவெளியை அளந்து பாருங்கள், 0.7 இருக்கும். இவற்றைப் போட்டிருந்தால் அவர் இருபது சுற்றும் முடித்துவிட்டு வந்து சூப் குடித்திருப்பார்.

குற்ற உணர்ச்சியால் காவல் நிலையத்துக்கு வந்ததாக எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் வந்தேன். முதல் வரியில் மட்டும், பிளக் தேர்வு சரி என்று இருக்க வேண்டும். கொலையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.