சுழலாத விசிறி

நடேசன்: …அதுல நான் ஏற மாட்டேன் மணி. நீ வேணா போ.

மணியம்மாள்: மெதுவா பேசு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

நடேசன்: என்னை ஏன் பாக்கணும்? கண்ணாடி வழியா வெளிய பாக்கட்டும். இன்னா வந்து நிக்குது பாரு. ரெக்கைக்கு ஒரு விசிறி. விசிறிக்கு ஆறு எலை.

மணியம்மாள்: பிளேனுன்னா விசிறி இருக்காதா?

நடேசன்: கல்யாணப் பொண்ணு ஜெயசித்ரா போன்ல அனுப்பின படத்துல இருந்துச்சா? ரெக்கைக்கு அடியில உருண்டையா, வழவழன்னு ரெண்டு… இது இன்னாடான்னா நம்ம படகு விசிறிய கழட்டி மாட்டினாப்புல இருக்குது.

மணியம்மாள்: நல்லதாப் போச்சு. நாப்பது வருசமா நீ பழகின சாமான்தான?

நடேசன்: பழகினதாலதான் சொல்றேன். காது குடுத்துக் கேளு. என்ஜின் ஓடுதா?

மணியம்மாள்: ஓடுது. காது கிழியுது.

நடேசன்: விசிறி சுத்துதா?

மணியம்மாள்: சுத்தல.

நடேசன்: என்ஜின் ஓடி விசிறி நின்னா இன்னா அர்த்தம்? நம்ம ஊரு நல்லவாட்டுல அஞ்சு வயசுப் புள்ளைய கேளு, சொல்லும். ரெண்டையும் சேக்கற பின்னு ஒடஞ்சு போச்சு.

மணியம்மாள்: ஏர்போர்ட்ல வந்து படகு கத பேசாதய்யா. செக்கிங்லயே மானம் போச்சு.

நடேசன்: அது உன்னால போனது. உன் சுருக்குப் பைய பாத்துதான் மிசினு கத்துச்சு. இன்னா வச்சிருக்க அதுல?

மணியம்மாள்: பொட்டி சாவி. எத்தினி தபா சொல்றது?

நடேசன்: சாவியவா அந்தப் பொண்ணு இம்மா நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தா?

மணியம்மாள்: பெரிய பொட்டி… பெரிய சாவி. ஆமா, பின்கதவ சாத்தினியா நீ?

நடேசன்: பேச்ச மாத்தாத. பாப்பா… ஏம்மா, யூனிபாரம் போட்ட பாப்பா, இங்க வா.

அருள்மொழி: சொல்லுங்க ஐயா. ஐதராபாத் பிளைட்டுங்களா? பத்து நிமிசத்துல கூப்பிட்டுருவோம்.

நடேசன்: உனக்கு எந்த ஊரும்மா?

அருள்மொழி: ஒதியம்பட்டுங்க. பேரு அருள்மொழி.

நடேசன்: நம்ம பக்கத்துப் பொண்ணு. பொய் சொல்லாத. அந்த விசிறி ஏன் சுத்தல? டிரைவர கூப்பிட்டுப் பின்ன பாக்கச் சொல்லு.

மணியம்மாள்: தப்பா நெனைக்காதம்மா. கடலுக்குப் போனவரு. எத பாத்தாலும் படகாத்தான் தெரியும்.

அருள்மொழி: பரவால்லம்மா, எனக்கும் வேலைக்குச் சேந்த அன்னிக்கு இதே சந்தேகந்தான். ஐயா, அது ஒடையல. விசிறிய மட்டும் பிரேக் போட்டுப் புடிச்சு வச்சிருக்காங்க. உள்ள ஏசி, லைட்டு எல்லாத்துக்கும் என்ஜின் ஓடணும். நீங்கல்லாம் ஏறி ஒக்காந்த பெறகு பிரேக்க எடுப்பாங்க.

நடேசன்: புடிச்சு வச்சா என்ஜின் அணைஞ்சுதான போவும்?

அருள்மொழி: போவாதுங்க. இதுல விசிறிய சுத்த வைக்கறது என்ஜின்லேர்ந்து வர்ற சூட்டுக் காத்துதான். மெக்கானிக் அண்ணன் சொன்னாரு. நீங்க சொல்ற மாதிரி நடுவுல பின்னே கிடையாது.

நடேசன்: பின்னே… கிடையாதா?

அருள்மொழி: கிடையாதுங்க.

நடேசன்: விசிறி எல்லாம் பழைய மாடலுன்னாங்களே. மறுபடி ஏன் கொண்டாந்தீங்க?

அருள்மொழி: நம்ம ரன்வே சின்னது ஐயா. ஒரு பிளைட்டுக்கு எழுபது பேரு சேந்தாலே பெருசு. கிட்டத்துல இருக்கற ஊருக்குப் போவ இதுதான் எண்ணெய் கம்மியா குடிக்குது. நடுவுல சர்வீஸே நின்னு போயிருந்துச்சு. இத வச்சுதான் திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. நான் கேட்டாண்ட இருக்கறேன், கூப்பிட்டதும் வாங்க.

மணியம்மாள்: கேட்டியா? பிரேக்காம். டிரைவர கூப்பிடறாராம் டிரைவர. வேட்டிய சரி பண்ணு, எழுந்திரு.

நடேசன்: நான் வரல.

மணியம்மாள்: இன்னும் இன்னாய்யா? நாளைக்குக் காலைல முகூர்த்தம். அப்பன் எடத்துல ஒக்காந்து ஜெயசித்ராவ தார வாத்துக் குடுக்க உன்ன விட்டா ஆரு இருக்கறா? பெரியப்பா வந்தாதான் மணையில ஒக்காருவேன்னு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கா.

நடேசன்: அதாண்டி. அந்த எடத்துல நான் ஒக்காரக் கூடாது.

மணியம்மாள்: இன்னா பேச்சு இது?

நடேசன்: என் தம்பி எழிலு கடலோட போன அன்னிக்கும் இதே மாதிரிதான் மணி. என்ஜின் ஓடுது, விசிறி நிக்குது. "பின்னு போச்சுண்ணா, சாமான் பொட்டில மாத்துப் பின்ன எடு"ன்னான். பொட்டிய தொறந்தேன்… இல்ல.

மணியம்மாள்: ஒம்போது வருசம் ஆச்சு. இப்ப எதுக்கு அத…

நடேசன்: குறுக்க பேசாத. படகுல நின்னுனு இருந்தவன அல அடிச்சிருச்சுன்னுதான ஊருக்குச் சொன்னேன்? உன்கிட்டயும் அதான் சொன்னேன். பொய்யி. பின்னு இல்லன்னதும், ஒரு ஆணிய பல்லுல கடிச்சினு தண்ணில எறங்கினான். "இத சொருகிப் பாக்கறேண்ணா"ன்னான். அப்பதான் அல வந்துச்சு. மாத்துப் பின்ன வைக்க மறந்தவன் நானு. என் தம்பி பொண்ணுக்கு நானே அப்பனா ஒக்காரணுமா?

மணியம்மாள்: நீ வைக்கலன்னு… உனக்கு நல்லாத் தெரியுமா?

நடேசன்: வச்சாப்புலதான் இருக்குது. கிரீஸ் தடவி, செவப்புத் துணில சுத்தி… தெனமும் யோசிக்கறேன். ஆனா பொட்டில இல்லியே. அப்ப மறந்துதான இருக்கணும்?

அருள்மொழி: ஐதராபாத் போறவங்க எல்லாரும் வரலாம்… ஐயா, அம்மா, வாங்க. நீங்க ரெண்டு பேருதான் பாக்கி.

மணியம்மாள்: ஒரு நிமிசம் கண்ணு… இதோ வரோம்.

நடேசன்: நீ போ மணி. கேட்டா, எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு. நான் பஸ் புடிச்சு வூட்டுக்குப் போறேன்.

மணியம்மாள்: கைய நீட்டு.

நடேசன்: எதுக்கு?

மணியம்மாள்: நீட்டுய்யா… இதான் அந்தச் சாவி.

நடேசன்: இது… செவப்புத் துணி… மணி, இது என் பின்னுடி.

அருள்மொழி: அம்மா, கதவ சாத்தப் போறாங்க.

மணியம்மாள்: நீ மறக்கல. வச்சுதான் இருந்த. கருவாட்டு ரூமு நாதாங்கிக்குச் சொருக ஒண்ணும் இல்லாம நாய் பூந்துச்சு. எழிலு போனதுக்கு மொத நாளு மத்தியானம் உன் பொட்டிய தொறந்து நான்தான் இத எடுத்தேன், நீ கடலுக்குக் கெளம்பறதுக்குள்ள திருப்பி வச்சிரலாம்னு… மறந்தவ நானு. அன்னிலேர்ந்து பையிலயே மறச்சு வச்சினு சுத்தறேன். நீ ஏறுய்யா. அந்த மணையாண்ட வரக் கூடாதவ நான்தான்.