தாராவியில ஒரு பொம்பளை

"இன்னைக்கு கிளாஸ்ல எங்கம்மாவ யாரோன்னு சொல்லிட்டேன்டி."

மும்பை லோக்கல் ரயிலில் வடாலாவில் ஏறி, லேடீஸ் டப்பாவில் எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் கண்ணாடி போட்டவர் இதைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பிப்பவர் என்பது அடுத்த பேச்சிலேயே தெரிந்துவிட்டது. கூட இருந்தவர் தோழி.

"ஏன், என்னாச்சு?"

"பேச்சொலி பாடம். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் எப்படி இருக்கும்னு காட்ட, அம்மா பேசுறத ரெக்கார்ட் பண்ணிப் போட்டேன். அவங்க இழுத்துப் பேசுறதக் கேட்டுப் பசங்க சிரிச்சாங்க. யாரு மேடம் இதுன்னு ஒருத்தி கேட்டா. தாராவியில ஒரு பொம்பளைன்னு சொல்லிட்டேன்."

"பேசினவங்க பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"பேர் சொல்லக் கூடாது, சரி. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே, அது எதுல சேத்தி?"

தோழி மடியிலிருந்த பையை நகர்த்தி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சத்தம் விழக் கூடாதுன்னு ஃபேன நிறுத்திட்டு, வளையலக் கழட்டி வச்சிட்டு, அந்தத் தகரக் கூரைக்குக் கீழ வேர்த்து ஊத்த ஊத்தப் பேசினாங்கடி."

செம்பூர் நெருங்கும்போது அவர் போன் அடித்தது. ரயில் இரைச்சலில் காதில் விழாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏட்டி, நான் பேசுனது பிள்ளைகளுக்கு வெளங்குச்சா? வெளங்கலன்னா சொல்லு, இன்னொருக்கா பேசுதேன். ஃபேன அமத்திருதேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை அணைத்தார்.