இரண்டாவது தொட்டி

என் பெயரும் முகவரியும் மேலே எழுத்தர் குறித்துக்கொண்டபடியே. வயது முப்பத்தேழு. சமையல் எண்ணெய் ஆலையில் கலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் இல்லை. அதே ஆலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் என் தம்பியோடு வசிக்கிறேன். நேற்று இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதை மாற்றிச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

எண்ணெய் காறிப்போகாமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடியைக் கலப்பது எங்கள் வேலை. அதுவும் வைட்டமின் சி தான். சாதாரண வைட்டமின் சி எண்ணெயில் கரையாது என்பதால் கொழுப்போடு சேர்த்துச் செய்தது. டிரம்மில் அஸ்கார்பில் பால்மிட்டேட் என்று எழுதியிருக்கும். வாயில் நுழையாத பெயர், ஆகவே நாங்கள் வைட்டமின் மாவு என்போம். அதைச் சூடான எண்ணெயில் கரைத்துத் தெளிந்த பிறகே தொட்டியில் விட வேண்டும். சென்ற வாரம் லோடு அவசரம் என்று சூப்பர்வைசர் ஆறிய எண்ணெயிலேயே கொட்டச் சொன்னார். இரண்டு தொட்டிகளிலும் கொட்டினோம். எண்ணெயை இறக்கிய பிறகு பார்த்தால் அடியில் மாவு கட்டிதட்டி ஒட்டியிருந்தது.

அதன் பிறகு, நேற்று முன்தினம் காலை, முதல் தொட்டியில் ஆளை இறக்கிச் சுரண்டச் சொன்னார். தொட்டியின் வாய் குறுகல். சூப்பர்வைசரின் தொப்பை அதில் பாதிகூட நுழையாது. ஆகவே எங்கள் பிரிவிலேயே ஒல்லியான ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், அவரும் கோபப்பட மாட்டார். எண்ணெயில் காற்றுப் படாமல் இருக்கத் தொட்டிக்குள் நைட்ரஜன் விடுவது வழக்கம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது நிறைந்த இடத்தில் மூச்சு இழுத்தால் ஆள் அவ்வளவுதான். நான் காஸை மூடியாகிவிட்டதா என்று கேட்டேன். அதற்கு சூப்பர்வைசர், "எல்லாம் மூடியாச்சு. வைட்டமின்தானே, அள்ளித் தின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். காற்றை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒட்டடைக்குச்சி மாவு மூக்கில் ஏறாமல் இருக்கக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். சுரண்டும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நின்றது. அவர் எப்போதும் எங்களுக்கு விளையாட்டுக் காட்டுகிறவர் என்பதால் நான் சிரித்துக்கொண்டே, "போதும், வெளிய வாங்க" என்றேன். அவர் ஏறி வரவில்லை. அதன் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, அசதியில் தூங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே கால் வைத்தபோது லோடு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். அவர் இழுக்காவிட்டால் இன்று இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். பிறகு ஃபிட்டர் ஓடிப்போய்ப் பார்த்ததில் நைட்ரஜன் வால்வு திறந்தே இருந்தது.

அதன் பிறகு சூப்பர்வைசர் என்னைத் தனியே அழைத்து, ஒட்டடைக்குச்சி குடித்துவிட்டு இறங்கி வழுக்கி விழுந்து செத்தார் என்று போலீஸில் சொல்லும்படியும், இல்லையென்றால் எனக்கும் தம்பிக்கும் வேலை போய்விடும் என்றும் சொன்னார். நான் பயந்து அப்படியே சொன்னேன். ஒட்டடைக்குச்சி டீ தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

இன்று காலை தம்பி சட்டை மாட்டும்போது, இரண்டாவது தொட்டிக்குத் தன்னை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். அவனும் ஒல்லி. போகாதே என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அதற்கு அவன், "ஏன்க்கா பயப்படற? அவர் குடிச்சிட்டு விழுந்துட்டார்னு நீதானே போலீஸ்ல சொன்ன? நான்தான் குடிக்கறதே இல்லையே" என்றான். நான் சொன்னது பொய், காஸ்தான் ஆளைக் கொன்றது என்றேன். அவன் நம்பவில்லை. வேலைக்குப் போகவிடாமல் இருக்கக் கதை கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நான் பின்னாலேயே ஓடினேன். என்னை உள்ளே விடக்கூடாது என்று சூப்பர்வைசரின் உத்தரவாம், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆலைக்குள் போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். முதலில் எழுதி முடிக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னதால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

நான் இங்கே சொன்னது அத்தனையும் உண்மை. இதை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, மிரட்டிச் சொல்ல வைத்தது நேற்றையது. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது முறை என்றார்கள். படிக்க வேண்டாம். தப்பு இருந்தால் இருக்கட்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டேன், ஆலைக்கு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

(ஒப்பம்)