டாக்டர் கலாவதி அம்மையார் துடைத்துப் பார்த்த திரை

கச்சி மாநகரின் கர்ப்பிணிகளைக் காத்த கருணையே! கால் நூற்றாண்டாய்க் கடமையில் கண்ணயராத கலாவதி அம்மையே! கடிந்து பேசினாலும் கைவிடாத கோபக்காரத் தாயே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு நம் மருத்துவமனையின் வணக்கம்.

அம்மையார் பார்த்த பிரசவங்களையெல்லாம் பட்டியலிட்டால் பந்தல்காரர் கோபித்துக்கொள்வார். ஆகவே ஒரு நாளை மட்டும் சொல்லுகிறோம்.

சென்ற ஆண்டு ஆயுத பூசை. ஊரில் தறிகளெல்லாம் ஓய்ந்திருக்க, நம் ஊழியர் யேசுதாஸ், ஒலியலையால் வயிற்றுக்குள் படம் காட்டும் புத்தம்புது ஸ்கேன் கருவிக்கும் சந்தனம் குங்குமமிட்டு, மாலை சாத்தி, மறுநாள்வரை எவரும் தொடக் கூடாதென்று மூடிவைத்தார்.

அந்நேரம் பார்த்து ஐயம்பேட்டை வடிவு வயிற்றுவலியோடு வந்தாள். ஆறு ஆண்டு காத்திருந்து தரித்த கரு, இரண்டரை மாதம். "பூசைச் சுண்டல் பண்ற வேலை" என்றார் அறுவை மருத்துவர் காசிநாதன், தமக்கே உரிய கம்பீரத்தோடு.

அம்மையார் கேட்கவில்லை. மூத்திரப்பை நிறைந்தால்தான் படம் தெளியும் என்று சொம்பு சொம்பாய்த் தண்ணீர் கொடுத்தார். "இன்னும் குடிச்சா இங்கியே வுட்டுடுவேன்மா!" என்று வடிவு கதறினாள்.

"பூசை போட்டதைத் தொடக் கூடாதும்மா" என்று யேசுதாஸ் குறுக்கே நின்றார்.

"சாமி கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன்பா, நகரு."

திரையில் கருப்பையின் நடுவே ஒன்றுமில்லை. கருக்குழாய் தொடங்கும் மூலையில் மட்டும் ஒரு சிறு வட்டம்.

"அது யேசுதாஸ் வெச்ச சந்தனப் பொட்டு" என்றார் காசிநாதன்.

அம்மையார் முந்தானையால் திரையை அழுந்தத் துடைத்தார். சந்தனம் போயிற்று. வட்டம் போகவில்லை.

"கரு இடம் மாறி மூலையில தங்கிடுச்சு. வெடிச்சா இவ பொழைக்க மாட்டா. இப்பவே ஆபரேஷன் பண்ணணும்."

அம்மையாரின் கணிப்பு தவறிப்போனால் ஆறு ஆண்டுத் தவத்தைத் தம் கையாலேயே அழித்த பாவம் வருமே என்று காசிநாதன் எடுத்த கத்தியைத் திரும்பக் கீழே வைத்தார். கம்பீரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அம்மையார் அவர் பக்கத்திலேயே நின்றார். வயிற்றைத் திறந்தால், சொன்ன மூலையிலேயே, கரு வெடிக்கக் காத்திருந்தது.

கருவைக் காக்க வழியில்லை. வடிவு பிழைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மையார் அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம்.

பிணியை அண்டவிடாத தங்களைப் பிணி அண்டாதிருக்கட்டும்! பேரப்பிள்ளைகளைத் திட்டித் திட்டியே பல்லாண்டு வாழ்க!

இம்மடலை வேறு எவரும் எழுதக் கூடாதென்று அடம்பிடித்தவன், அன்று வாய்க்குள்ளேயே விழுங்கிய சொல்லை இன்று ஊரறியச் சொல்லுகிறேன். மன்னியுங்கள், அம்மையே.

பணியாளர் அனைவர் சார்பில்,
காசிநாதன்
காஞ்சிபுரம், 30-6-1979