நாற்பது யூனிட்

என் பெயர் ஆரோக்கியசெல்வி. வயது 41. கணவர் பெயர் சாலமன், காலஞ்சென்றவர். மரக்காணத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வசித்து வருகிறேன். உப்பளத்தில் உப்புச் சுமக்கும் கூலி வேலை. என் கணவர் 9.8.2005 அன்று இறந்தது சம்பந்தமாக அவர் தம்பி மரியதாஸ் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில், நான் சொல்வது பின்வருமாறு.

என் கணவருக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை வியாதி. சுனாமிக்குப் பிறகு பாத்திகளில் ஏறிய சேற்றை வாரப் போனபோது காலில் கிளிஞ்சல் குத்தியது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண் பெருத்து, பிப்ரவரி மாதம் இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அதன் பிறகு மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசி கொடுத்தார்கள். தினம் காலையில் தானே வயிற்றில் போட்டுக்கொள்ள நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால் மருந்து பாட்டிலை ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருந்தோம்.

அந்தக் காலோடு உப்புத்தண்ணீரில் இறங்கக்கூடாது என்று மேஸ்திரி அவரை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து அளத்தில் நின்ற மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு நின்றது. சவரம் செய்யவில்லை, பூசைக்கு வரவில்லை, விடிய விடியக் கண் மூடவில்லை, எலும்பும் தோலுமானார். ஆஸ்பத்திரியில் சொன்னேன். சர்க்கரை கூடினால் சோர்வாகத்தான் இருக்கும் என்று சொல்லி ஊசியின் அளவைக் கூட்டினார்கள். பதினாறு இருபத்து நாலாகி, முப்பத்திரண்டாகி, ஜூலையில் நாற்பது யூனிட் என்று சீட்டில் எழுதினார்கள். எவ்வளவு கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. திருட்டுத்தனமாக எதையோ தின்கிறார் என்று நான் அவரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஜெயாவிடம் கொடுத்துவிட்டேன்.

8.8.2005 காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பியவள், சும்மாட்டுத் துணியை மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். அப்போது அவர் ஊசியில் மருந்தை ஏற்றி மணல் சட்டிக்குள் பீச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "போட்டுக்கினு இன்னா ஆவப்போவுது செல்வி? நீ சொமந்து நான் துன்னணுமா?" என்றார். நாலு மாதமாக இப்படித்தான் என்றும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடித்திருப்பேன். ஆனால் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் அழுதோம். அவர் அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவரே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "நீயே போடு. இனிமே ஏமாத்த மாட்டேன்" என்றார். சீட்டில் இருந்தபடி நாற்பது யூனிட் ஏற்றிப் போட்டேன். அவர் கொட்டிக் கொட்டித்தான் அந்த அளவு ஏறியது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. சாப்பிடச் சொல்லிப் பழைய சோறு எடுத்து வைத்தேன். கொஞ்சம் கழித்துச் சாப்பிடுகிறேன் என்று படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எத்தனையோ மாதம் கழித்துத் தூங்குகிறாரே என்று எழுப்பாமல் அளத்துக்குப் போனேன்.

அதன் பிறகு ஒன்பதரை மணிக்குத் திரும்பி வந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. அவர் சட்டையெல்லாம் நனைந்து, கை நடுங்கி, நான் யாரென்றே தெரியாமல் பார்த்தார். அளத்தில் வெயில் தாங்காமல் வியர்த்து விழுகிறவர்களுக்கு நீராகாரத்தில் கல் உப்பைக் கரைத்துக் கொடுப்போம். எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அதையே கரைத்து வாயில் ஊற்றினேன். சத்தம் கேட்டு ஜெயா கையில் இருந்த டீயோடு ஓடிவந்து, "யக்கா, இத்த ஒரு வாய் குடு" என்றாள். "சக்கர போட்டது அவருக்கு ஆவாதுடி" என்று நான்தான் டம்ளரைத் தட்டிவிட்டேன். மறுபடியும் உப்புத்தண்ணீர்தான் கொடுத்தேன். ஆட்டோ பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அங்கிருந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சர்க்கரை ஒரேயடியா இறங்கிப்போச்சு. அந்த டீயைக் குடுத்திருந்தாகூட பொழைச்சிருக்கலாம்மா" என்றார்.

நான் விஷ ஊசி போட்டதாக மரியதாஸ் சொல்வது பொய். தானே போட்டுக்கொண்டு செத்தார் என்று சொல்லிவிடு, மனசு உடைந்தவர் என்று ஊருக்கே தெரியும், கேஸ் முடிந்துவிடும் என்று தெருவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சொல்ல என்னால் ஆகாது. நாலு மாதம் சாக நினைத்தவர்தான். செத்த அன்றைக்கு அவர் பிழைக்கத்தான் வயிற்றைக் காட்டினார். ஆகவே தற்கொலை என்று எழுத வேண்டாம். ஊசி போட்டது நான்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஆரோக்கியசெல்வி
என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது: உதவி ஆய்வாளர், 11.8.2005